மூன்று நாள் காணாமல் போன சொல்

சாமு,

இந்தக் கடிதத்தை உன் பெட்டிக்குள், கம்பளிச் சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்து அனுப்புவதாகத்தான் இருந்தேன். நீயும் ஷீபாவும் டப்ளினில் போய் இறங்கி, குளிரில் நடுங்கிக்கொண்டே பெட்டியைத் திறக்கும்போது இது கிடைக்கும். அதற்குள் உன் மனைவி அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையில் சேர்ந்திருப்பாள், உன் கம்பெனியும் உன்னை அங்கே உட்கார வைத்திருக்கும், நினைத்தாலும் உடனே ஓடி வர முடியாது. இதுதான் என் திட்டம். இன்று எழுந்ததும் மனசு மாறிவிட்டது. நாளைக்குச் சனிக்கிழமை, வழக்கம்போல நீ பெரும்பாக்கத்திலிருந்து டிபனுக்கு வரும்போது உன் கையிலேயே கொடுத்துவிடப் போகிறேன். சுற்றி வளைக்காமல் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: எனக்கு மறதி ஆரம்பித்திருக்கிறது, சாதாரண மறதி இல்லை, அதை நீ விமானம் ஏறும்வரை உன்னிடமிருந்து மறைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நீங்கள் புறப்பட இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. முப்பத்துமூன்று வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன் மகனுக்குத் தமிழில் எழுதுகிறானே என்று பார்க்கிறாயா? இங்கிலீஷில் எழுதினால் நடுவில் சொல் கிடைக்காமல் பேனாவைத் தூக்கிக்கொண்டு நிற்பேனோ என்று பயம். அவ்வளவுதான்.

முதலில் என்னிடமிருந்து தொலைந்தது ஒரு சொல், எது என்று சொன்னால் நீ சிரிப்பாய். 'பிடைம்ஸ்'. நம் வீட்டில் உப்பு, புளி மாதிரிப் புழங்கிய இங்கிலீஷ் சொல், betimes. அது எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று உன்னிடம் நான் உண்மையைச் சொன்னதே இல்லை. ஏதோ கல்லூரியில் படித்தது போல நடித்திருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு திங்கட்கிழமை லீவு வேண்டும் என்று அன்று காலையில்தான் லீவு லெட்டர் கொடுத்தேன். எங்கள் ஹெட்மாஸ்டர் அதில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினார்: இனிமேல் பிடைம்ஸ் விண்ணப்பிக்கவும். வரி முழுக்க இங்கிலீஷ், அந்த ஒரு சொல் மட்டும் எனக்குத் தெரியவில்லை. லீவு கிடைக்காதது எனக்கு வலிக்கவில்லை. இங்கிலீஷ் வாத்தியாருக்கு ஒரு இங்கிலீஷ் ஆட்வெர்ப் தெரியவில்லையே என்றுதான் காது சுட்டது. ஸ்டாஃப் ரூமில் கணக்கு வாத்தியார், "என்ன சார் எழுதியிருக்காரு?" என்று எட்டிப் பார்த்தபோது, "ஒண்ணுமில்ல, அவரோட ஸ்டைல்" என்று மடித்து வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் நூலகத்தில் பெரிய அகராதியைப் பிரித்துப் பார்த்தேன். பழைய சொல், இப்போது யாரும் பேச்சில் சொல்வதில்லை, 'சீக்கிரமாக' என்று முதல் பொருள் போட்டிருந்தது. அதைப் படித்ததும் மூடிவிட்டேன். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. அதை நான் அன்று படிக்கவில்லை.

அன்றிலிருந்து நான் சீக்கிரம்தான். எழும்பூரில் ஏழு மணிக்கு ரயில் என்றால் தாம்பரத்தில் மூன்றரைக்கு மின்சார ரயில் ஏற வேண்டும் எனக்கு. கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்துக் கதவைத் திறக்கிறவனுக்கு முன்னால் நாம் மூவரும் நிற்போம். ஒருமுறை குரோம்பேட்டையில் ஒரு ரிசப்ஷனுக்கு நாம் போனபோது பெண் வீட்டாரே இன்னும் வரவில்லை. நாற்காலி போடுகிறவர் நம்மைச் சமையல் ஆட்கள் என்று நினைத்து உள்ளே போகச் சொன்னார். உன் அம்மா அன்று சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாளே, அது சிரிப்பா கோபமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நம் ஆட்டோக்காரர் ஏழுமலை முதல்முறை நம் வீட்டுக்கு வந்த அன்று, சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்ததற்காக அவரிடம் கோபித்துக்கொண்டேன். "ஏழு மணின்னா ஏழு மணிக்குத்தான சார் வரணும்?" என்றார் பாவம். பிடைம்ஸ் என்றால் என்ன என்று அவருக்குக் கேட்டருகே நின்று பாடம் எடுத்தேன். கீழ்க்கட்டளைக்காரர், ஐந்தாவதோடு பள்ளியை விட்டவர், அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அதற்கு அர்த்தம், சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னால். இருபது வருஷமாக கேட்டில் வந்து நின்று ஹாரன் அடிப்பதற்குப் பதில், "பிடைம்ஸா வந்துட்டேன் சார்" என்றுதான் குரல் கொடுப்பார்.

எல்லாரும் கேலி செய்தபோது எனக்குத் திமிர் ஏறிப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. அனகாபுத்தூரில் ஆற்றை ஒட்டி நாம் வாடகைக்கு இருந்த வீடு உனக்கு நினைவிருக்கும். மழை இரண்டு நாள் சேர்ந்து பெய்தால் போதும், நான் சர்ட்டிபிகேட் ஃபைலையும் உன்னையும் தூக்கிக்கொண்டு சேலையூரில் உன் பெரியப்பா வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். மூன்று வருஷம் தெருவே சிரித்தது. பக்கத்து வீட்டுக்காரர், "வாத்தியாரு கிளம்பிட்டாரு, இனி மழை வுட்டுரும்" என்று சொல்லுவார். நாலாவது வருஷம் உண்மையிலேயே தண்ணீர் வந்தது. நாம் சேலையூரில் காய்ந்த துணியோடு உட்கார்ந்திருந்தோம், அவர் மொட்டை மாடியில் நின்றார். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, அது ஆண்டவர் கிருபை. ஆனால் அதற்குப் பிறகு என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் போயிற்று. சொல்லியிருந்தால் நல்லதாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஒருமுறை சொன்னது பலித்துவிட்டவனைப் போலத் தொந்தரவான ஆள் உலகத்தில் இல்லை, சாமு. வீட்டில் நீயும் அம்மாவும் அந்த ஆளோடு வாழ்ந்தீர்கள்.

வகுப்பிலும் இந்தச் சொல்லை விடவில்லை. வருஷா வருஷம் பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு, பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும், கரும்பலகையில் எழுதிப் போடுவேன். வாக்கியத்தின் கடைசியில் வைத்தால் அழகு, எழுவதற்கும் புறப்படுவதற்கும் பொருந்தும், கடைக்காரரிடம் பேசும்போது பயன்படுத்தாதே, முழிப்பார், என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். வாக்கியம் எழுதி வா என்றால் ஒருவன், நான் பிடைம்ஸ் பல் தேய்த்தேன் என்று எழுதி வருவான். இன்னொருவன் 'சில சமயம்' என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, என் மாமா பிடைம்ஸ் குடிப்பார் என்று எழுதினான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் நான் சொல்லிக்கொடுத்ததும் பாதிதான். அகராதியில் அந்தக் கீழ் வரி என்ன தெரியுமா? 'காலம் கடந்துபோவதற்கு முன், இன்னும் பயன் இருக்கும்போதே.' சீக்கிரம் வருவதற்குக் கடிகாரம் போதும். இந்த இரண்டாவது பொருளுக்கோ, எதிரே காத்திருக்கிற ஆளைப் பார்க்க வேண்டும். நான் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதில் முதலில் அடிபட்டவன் நீ. பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த வாரம், வெள்ளிக்கிழமையே நான் போய் இன்ஜினியரிங் காலேஜில் உனக்கு இடம் போட்டுவிட்டு வந்தேன். கூட்டம் வருவதற்கு முன்னால் முடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. ஞாயிறு ஆராதனை முடிந்து, சர்ச் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே நீ மெதுவாக, "அப்பா, நான் ஹிஸ்டரி படிக்கலாம்னு..." என்று ஆரம்பித்தாய். நான், "அட்மிஷன் போட்டாச்சுடா" என்றேன். நீ "ஓ" என்றாய். அந்த "ஓ"வுக்குப் பிறகு நாம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு நாள் பொறுத்திருந்தால் நீயே வந்து சொல்லியிருப்பாய். நான் அவ்வளவு சீக்கிரமாக வந்துவிட்டதால், நீ பேசுவதற்கு முன்பே பேச்சு முடிந்துவிட்டது. நீ இன்று நன்றாகத்தான் இருக்கிறாய், அது என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. இதற்கு இத்தனை வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்கிறேன், இதுவும் பிடைம்ஸ் இல்லை என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அது உனக்குப் பாதிதான் தெரியும். நீ ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது திண்டிவனத்தில் அம்மாவுடைய அப்பா இறந்தாரே, அந்த நாள். எனக்குக் காய்ச்சல், லீவு போட்டு வீட்டில் இருந்தேன். உன் அம்மா அவள் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கெமிஸ்ட்ரி பிராக்டிகல், வெளியிலிருந்து பரீட்சை அதிகாரி வருகிறார் என்று ஏழரைக்கே போய்விட்டாள். எட்டே முக்காலுக்கு உன் மாமா போன் பண்ணினார். "மாமா, அப்பாவுக்கு ரொம்ப முடியல. அக்காவையேதான் கேட்டுகிட்டு இருக்காரு. உடனே அனுப்பி வைங்க." சரி என்றேன். போனை வைத்தேன். நாற்பது பிள்ளைகளுக்கு மார்க் போடுகிற நாள், நடுவில் கூப்பிட்டால் பதறிப்போவாள், பதற்றத்தில் ஆசிட்டைக் கொட்டிக்கொள்வாள், நாலு மணிக்கு முடிந்துவிடும், வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. பெட்டியில் அவளுக்கு இரண்டு சேலை எடுத்து வைத்தேன். பிளாஸ்கில் காபி போட்டேன். உன்னைப் பக்கத்து வீட்டில் விடுவதற்குப் பேசி வைத்தேன். ஏழுமலையை இரண்டரைக்கே வரவழைத்து கேட்டில் நிற்க வைத்தேன். எல்லாம் தயார், எல்லாம் சீக்கிரம், அவளிடம் சொல்வதைத் தவிர.

இரண்டே காலுக்கு உன் தாத்தா போய்விட்டார். இரண்டாவது போன் வந்தபோது நான் பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தேன். காலையிலேயே அவளைக் கூப்பிட்டுச் சொல்லி பஸ் ஏற்றியிருந்தால் பன்னிரண்டு மணிக்குள் அவர் கட்டிலருகே இருந்திருப்பாள். நாலரைக்கு அவள் வந்தாள். ஆட்டோவைப் பார்த்ததுமே முகம் மாறியது. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை, சாமு. நம் ஊர்ப் பழக்கம் இருக்கிறதே, இறந்தவரைக்கூட 'சீரியஸ்' என்றுதானே போனில் சொல்வோம், அதையே நானும் சொன்னேன். திண்டிவனம் வரைக்கும் பஸ்ஸில் அவள் ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தாள், அப்பா பிழைக்க வேண்டும் என்று. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டே வந்தேன். தெரு முனையில் ஷாமியானாவைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. அடக்கம் எல்லாம் முடிந்து மூன்றாம் நாள், டம்ளர் கழுவிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்க்காமல், "காலையிலயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பத்தொன்பது வருஷம் ஆகிறது, அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் நான் பதில் சொல்லி ஆறியிருப்பேன்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். டிக்கெட் போட்டுவிட்டதாக நீ போன் பண்ணினாயே, அன்று. "காலைல பதினோரு மணிக்கு ஃப்ளைட்ப்பா, எட்டு மணிக்கு ஏர்போர்ட் போனா போதும்" என்றாய். நான் துள்ளி எழுந்து, "அதெல்லாம் முடியாது, நாம..." என்று ஆரம்பித்தேன். அந்த இடத்தில் சொல் இல்லை. நாக்கு நுனியில் நிற்கிறது என்பார்களே, அப்படிக்கூட இல்லை, இருந்த இடமே காலி. இருமினேன். நீ நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டாய். எனக்கு அர்த்தம் தெரிகிறது, ஹெட்மாஸ்டரின் சிவப்பு மை தெரிகிறது, அந்தக் காகிதத்தின் மடிப்புகூடத் தெரிகிறது, சொல் மட்டும் இல்லை. அகராதியில் தேடலாம் என்றால் எந்த எழுத்தில் தேடுவது? அம்மாவிடம் கேட்டால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். கேட்க வெட்கம், வெட்கத்துக்கு மேல் பயம். மூன்று நாள் சாப்பாட்டில் ருசி இல்லை. நாலாம் நாள் காலை பென்ஷன் விஷயமாகப் போக வேண்டியிருந்தது. கேட்டில் ஏழுமலையின் குரல்: "பிடைம்ஸா வந்துட்டேன் சார்!" நான் செருப்பு போடாமலேயே ஓடிப்போய் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தரம் சொல்லுங்க" என்றேன். "இன்னா சார்? பிடைம்ஸா வந்தேன்னு சொன்னேன். லேட் ஆயிடுச்சா?" என்றார். இல்லை இல்லை என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல் திரும்பக் கிடைத்த சந்தோஷம் ஆட்டோ கேம்ப் ரோடு தாண்டும்வரைதான் இருந்தது. அப்புறம் பயம் வந்து உட்கார்ந்தது, இன்னும் எழுந்து போகவில்லை.

ஒரு சொல்தானே என்று நீ சொல்லலாம், நானும் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி, நாற்பது வருஷமாக நடந்த வழியில் கிழக்குப் பக்கம் வர வேண்டியவன் மேற்குப் பக்கம் போய் வெளியே வந்து நின்றேன். தப்பாக வந்ததில் ஒன்றுமில்லை, யார்தான் வரமாட்டார்கள். ஆனால் அங்கே நின்றுகொண்டு, எந்தப் பஸ் ஏறினால் நம் வீடு என்று எனக்குத் தெரியவில்லை. பஸ்கள் வந்தன, போயின. பூ விற்கிற அம்மா, "இன்னா சார், ரொம்ப நாழியா நின்னுகினே கீற, எங்க போணும்?" என்று கேட்டாள். சேலையூர் என்று வாயில் வந்தது, நம் வீடு அங்கேதான் என்று அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. போன ஞாயிறு மதியம் சாப்பிடும்போது நான் ஷீபாவிடம் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டேன் போலிருக்கிறது. அவள் இரண்டாவது தடவையும் அதே பொறுமையோடு பதில் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம், "மாமா, தூக்கமெல்லாம் எப்படி இருக்கு?" என்றாள். நர்ஸ் கண். அவளிடம் மட்டும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

நேற்று பல்லாவரத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன், யாருக்கும் சொல்லாமல், ஏழுமலையின் ஆட்டோவில். டாக்டர் சின்னப் பெண், என் கடைசி பேட்ச் மாணவி வயசு. மூன்று சொல் சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்: குடை, வாழைப்பழம், சாவி. நடுவில் வேறு ஏதேதோ கேட்டாள், கடிகாரம் ஒன்று வரையச் சொன்னாள். நான் வரையாத கடிகாரமா! முள் வைக்கிற இடத்தில் கை நின்றுவிட்டது. பிறகு அந்த மூன்று சொல்லைக் கேட்டாள். குடை சொன்னேன், வாழைப்பழம் சொன்னேன். மூன்றாவது வரவில்லை. "வீட்டு ஆளைக் கூப்பிடுங்க சார்" என்றாள். நான் வெளியே போய் ஏழுமலையைக் கூட்டிவந்து நிறுத்தினேன். "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள். "சாரோட ஆட்டோக்காரன் நானு" என்று அவரே காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. வயசுக்கு மீறின மறதி மாதிரித் தெரிகிறது, ஆரம்பமாக இருக்கலாம், ஸ்கேன் பார்த்தால்தான் சொல்ல முடியும், அடுத்த தடவை மனைவியோ மகனோ கட்டாயம் வர வேண்டும் என்றாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேள். ரிசப்ஷனில் இருந்த பெண், "வர்ற செவ்வாய்க்கிழமை காலைல பத்தரை மணி இருக்கு சார், போட்டுடவா?" என்றாள். நான், "மூணு வாரம் தள்ளிப் போடும்மா" என்றேன். மூன்று வாரம் என்றால் நீ போயிருப்பாய். மண்டபக் கதவு திறப்பதற்கு முன் போய் நின்ற அதே ஆள்தான் கேட்டேன். ஆட்டோ பல்லாவரம் மேம்பாலத்தில் ஏறும்போது திடீரென்று, "சாவி!" என்று கத்தினேன். ஏழுமலை பயந்து வண்டியை ஓரம் கட்டி, "வூட்டுச் சாவியா சார்? ஆஸ்பத்திரில வுட்டுட்டீங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன், தேதியைத் தள்ளிப் போட்டதையும் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னா சார், நீங்களா தள்ளிப் போட்டீங்க?" என்றார். "தம்பி ஊருக்குப் போற நேரத்துல எதுக்கு ஏழுமலை..." என்றேன். "அன்னிக்குத் திண்டிவனம் பஸ்ஸுக்குப் போனமே சார், அப்பவும் நீங்க இப்டித்தான் சொன்னீங்க. டீச்சரம்மா ஆட்டோல அழுதுகினே வந்தாங்க. ரெண்டரைலேர்ந்து வாசல்ல நின்னவன் நான், எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. எனக்கு ரொம்ப நாள் பேஜாரா இருந்துச்சு" என்றார். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, செவ்வாய்க்கிழமை இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள் அந்தப் பெண், போட்டுவிடச் சொன்னேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, சாமு. சாவதற்கு இல்லை. ஒருநாள் நீ வீடியோ காலில் வந்து "அப்பா" என்று கூப்பிடும்போது நான் மரியாதையாக, "சொல்லுங்க சார்" என்று சொல்லிவிடுவேனோ என்று பயம். அம்மா தனியாக என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று பயம். இதைச் சொன்னால் நீ டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு இங்கேயே உட்கார்ந்துவிடுவாய், ஷீபாவின் வேலையும் கெட்டுவிடும், அதற்குக் காரணம் நான் என்று ஆகிவிடுமே என்று பயம். இந்தக் கடைசிப் பயத்தால்தான் மறைத்தேன். ஆனால் உனக்காக நானே இன்னொரு தடவை முடிவு எடுக்கிறேனே, உன்னைக் கேட்காமல் வெள்ளிக்கிழமையே போய் அட்மிஷன் போட்ட மாதிரி, என்று இன்று காலையில் உறைத்தது. போவதா, தள்ளிப்போடுவதா, எவ்வளவு நாளைக்கு ஒருமுறை வந்து போவது, அதை நீயும் ஷீபாவும் உட்கார்ந்து பேசுங்கள். என் விருப்பம் நீ போக வேண்டும் என்பது. அது விருப்பம்தான், உத்தரவு இல்லை. எதுவானாலும் தெரிந்துகொண்டு போ.

உனக்குப் புத்திமதி என்று ஒன்று சொல்ல வேண்டுமானால் இதுதான். ஷீபாவிடம் எதையும் 'அவள் டியூட்டி முடிந்து வரட்டும்' என்று அடக்கி வைக்காதே. சாப்பிட்ட பிறகு சொல்லலாம், தூங்கி எழுந்த பிறகு சொல்லலாம் என்று நல்ல மனசோடு ஒத்திப் போடுகிறோமே, அந்த நல்ல மனசை நம்பாதே. அது நமக்குக் கஷ்டமாக இருப்பதால் வருவது, பெயரை மட்டும் அடுத்தவர் மேல் போட்டுவிடுகிறோம். அதே மாதிரி, அவள் பேச ஆரம்பிப்பதற்குள் முடித்துவிடாதே. செருப்பைத் தேடிக்கொண்டே ஒருவர் எதையோ சொல்ல வந்தால், நின்று கேள். இன்னொன்று, நான் இன்னும் நானாக இருக்கும்போதே கேட்க வேண்டியதை எல்லாம் என்னிடம் கேட்டுவிடு. உன் தாத்தாவின் ஊர், நான் முதலில் வாங்கிய சைக்கிள், அம்மாவை முதலில் எங்கே பார்த்தேன் என்பது, எதுவானாலும். இப்போது எல்லாம் இருக்கிறது.

இதுவரை எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஐந்தரைக்கு உட்கார்ந்தவன், அப்போதுதான் நிமிர்ந்தேன். உனக்கு இத்தனை பக்கம் எழுதினேனே, பத்தடி தள்ளி சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உன் அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனேன்.

போய், அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு முட்டி மடங்காது என்று தெரியும் அவளுக்கு, ஆச்சரியமாகப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். சொல் தொலைந்தது, மேற்குப் பக்கம் நின்றது, கடிகாரம் வரைய வராதது, தேதியைத் தள்ளிப் போட்டது, உன்னிடம் மறைக்க இருந்தது, அவளிடமும் மறைத்தது. அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகுதான் கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு சுவரில் இருந்த கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "மணி ஒன்பதுதான் ஆகுது" என்றாள். எனக்குப் புரியவில்லை. அப்புறம் மெதுவாக, "காலையிலயே சொல்லிட்டீங்க" என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை. "செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?" என்று கேட்டாள். பத்தரை என்றேன். முப்பத்தாறு வருஷமாக என் சீக்கிரத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட அதே பெண் சொன்னாள், "ஏழுமலையை ஏழரைக்கே வரச் சொல்லுங்க."

நாளைக்கு நீ எட்டு மணிக்கு வருவாய். படித்துவிட்டு உள்ளே வா, இட்லி ஆறினாலும் பரவாயில்லை.

ஏழு மணியிலிருந்தே கேட்டருகே நிற்கப் போகும்,
உன் அப்பா